சாந்தன்பாறைக் குழாயின் பழைய குரல்

ஒலிபெருக்கித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் ஸ்பீக்கர் பழுது பார்த்தேன். அதன் பலனாக இடது காது பாதிதான் கேட்கும். வலது காது நன்றாகக் கேட்கும். வீட்டில் கூப்பிட்டால் மட்டும் கேட்காது என்று ஒரு புகார் நிலுவையில் இருக்கிறது. சத்தத்தைப் பற்றி உபதேசம் செய்ய இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

காயில் என்கிற கம்பிச் சுருளுக்கு எத்தனை சுற்று, பசை எத்தனை மணி நேரம் காயவேண்டும் என்பதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, அவை என்னைவிடத் தெளிவாகப் பேசும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பாகத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஸ்பீக்கரின் சொந்தக்காரர். கெட்டுப்போனால் மாற்ற முடியாத பாகம் அது ஒன்றுதான்.

எழுபதுகளில் நான் பாலக்காட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். கோயம்புத்தூரில் இரண்டு வருடம் படித்து வாங்கிய சான்றிதழ் ஒன்றும், ஒரு மீட்டரும், உலகத்தில் இந்த இரண்டும் போதும் என்ற எண்ணமும் கையில் இருந்தன. முதலாளி கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். அவரிடம் சான்றிதழ் கிடையாது. அதற்குப் பதிலாக நீளமான ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். அதில் கணக்கு எதுவும் இருக்காது. பழுதுக்கு வரும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் நன்றாக இருந்த காலத்தில் எப்படிச் சத்தம் போட்டது என்பதைச் சொந்தக்காரர் சொன்ன வார்த்தையிலேயே எழுதவேண்டும். வேலை முடிந்ததும் அவரை உட்காரவைத்து, ஸ்பீக்கரை ஓடவிட்டு, அவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டவேண்டும். ‘ஆமாம்’ என்று கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும்.

சான்றிதழ் வாங்கிய ஒரு மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குப் புரியும். மீட்டர் எட்டு ஓம் என்று சொன்ன பிறகு, ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் ‘வீணை சரியாக்கும், மிருதங்கத்துக்கு மட்டும் ஜலதோஷம்’ என்று சொன்னதை நான் எழுதவேண்டும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து டூரிங் டாக்கீஸ்காரர், முன்பெல்லாம் வில்லன் பேசினால் பயமாக இருக்கும், இப்போது அவன் பெண் கேட்டு வந்தவன் மாதிரிப் பேசுகிறான் என்றார். அதையும் எழுதினேன். நல்லேப்பிள்ளியில் நெல் வியாபாரமும் மைக் செட்டும் சேர்த்து நடத்திய ஒருவர், பழுது பார்த்த பெட்டியைக் கொண்டுபோய் மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பி வந்தார். உளுத்துப்போன பின்பலகையை நான் மாற்றியிருந்தேன். “போறப்ப நாப்பது ராத்தலுங்க, இப்ப முப்பத்தெட்டுத்தான் நிக்குது. அந்த ரெண்டு ராத்தல் சத்தத்தை எங்கீங்க வெச்சிருக்கறீங்க?” என்று நிதானமாகக் கேட்டார். பழைய காலத்துச் சொந்தக்காரர்களுக்குக் கனமும் சத்தமும் ஒன்றுதான். அவர் போன பிறகு நான் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தேக்குப் பலகை ஒன்றைத் தேடி எடுத்துவந்து கொடுத்தார். அதைப் போட்ட பிறகு பெட்டியின் அடித்தொண்டை நன்றாகிவிட்டது என்பதை இன்றுவரை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் கூம்புக் குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இன்று நீங்கள் ஹாரன் என்கிறீர்கள். அன்று எல்லாருக்கும் அது குழாய். டிரைவருக்கு ஊர் நல்லேப்பிள்ளி, வேலை மலைமேல் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில். குழாய் அந்த எஸ்டேட் தொழிலாளர்களின் அம்மன் கோயிலுக்குச் சொந்தம். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அலுமினியக் குழாய், நல்ல தடிமன், இப்போது அப்படியெல்லாம் யாரும் வார்ப்பதில்லை. ஆனால் வாய் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. கழுத்தில் சத்தம் எழுப்பும் யூனிட் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே காயில் அறுந்துபோயிருந்தது.

வழக்கப்படி நோட்டைத் திறந்து, முன்பு சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

“எனக்கென்னுங்க தெரியும்? முன்னால கத்துச்சுங்க. இப்பக் கத்தமாட்டேங்குது” என்றார்.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. சொந்தக்காரரும் எதிரில் இல்லை. எல்லாருடைய அபிப்பிராயமும் கடைசியில் ஒன்றுதானே என்று நினைத்து, ‘கணீரென்ற இனிமையான ஒலி’ என்று நானே எழுதினேன். டிரைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் நான் எழுதிய அபிப்பிராயத்துக்கு ஏற்றபடி குழாயைப் பழுது பார்த்தேன். காயிலோடு சேர்ந்து அதிரும் புது டயாபிரம் வைத்தேன். வெடிப்பின்மேல் ஒட்டுத்தகடு வைத்து நான்கு ரிவெட் அடித்தேன். கழுத்துக்கு ரப்பர் வளையம், உடம்புக்குப் பச்சைப் பெயின்ட். ஓடவிட்டபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவ்வளவு இனிமை. முதலாளி வந்து கேட்டார். நோட்டைப் பார்த்தார்.

“இது டிரைவர் சொன்னதாக்கும்?”

ஆமாம் என்றேன்.

“லாரி ஓட்டறவன் ‘இனிமையான’ன்னு சொன்னானாக்கும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த இடத்திலேயே என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஒரு மலைப்பயணம் மிச்சமாகியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அதே டிரைவர் வாசலில் நின்றார். இந்தமுறை தோளில் குழாய் இல்லை. “நீங்க குழாயை மாத்திப்போட்டீங்கன்னு பேசிக்கறாங்க. அதுனால ஒரு கண்ணாலமே நிக்குதுங்க” என்றார்.

குழாய் கெட்டதால் பாட்டு நிற்கும், கூட்டம் நிற்கும். கல்யாணம் எப்படி நிற்கும் என்று நான் விளக்கம் கேட்க ஆரம்பித்தேன். முதலாளி என்னைக் கேட்கவிடவில்லை. நோட்டை எடுத்து என் கையில் வைத்தார். “மலைக்குப் போ. யார் காதுக்கு அது கேக்கணுமோ அவன் வாயால எழுதிண்டு வா. உன் வாயால எழுதினது போறும், கேட்டியா” என்றார். என் கைவரிசை முதல்நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. மீட்டர் வைத்திருந்தவன் நான்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பழனி, தேனி, போடி என்று சுற்றி லாரியிலேயே போனோம். போடிமெட்டின் வளைவுகளில் நான் என்ன செய்தேன் என்பது பணி அனுபவத்தில் சேராது. புதன்கிழமை மாலை எஸ்டேட்டில் இறங்கினேன். கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

பெண்ணின் தகப்பனார் சுடலைமுத்து. கோயில் குழாய்க்குப் பொறுப்பாளர் அவர்தான். திருவிழா என்றாலும் சாவு என்றாலும் மைக்கில் பேசுவதும் அவர்தான். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் இறங்கினேன். அவர் டீ கொடுத்தார். அடித்திருந்தால் தேவலை. அவருடைய மனைவி அடுப்படியிலிருந்தே விஷயத்தைச் சொல்லிவிட்டார்: “எங்கண்ணன் வராம எம்மக மணையில உக்கார மாட்டா. ஒண்ணு குழாயைச் சரி பண்ணுங்க. இல்லைன்னா இவுகளைச் சரி பண்ணுங்க.”

பிறகு சுடலைமுத்து சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த எஸ்டேட்டில் ஒரு பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் கீழ் லயம், எதிர் மலையில் மேல் லயம். லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு வரிசை. கோயிலும் குழாயும் கீழ் லயத்தில். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வழக்கம் அங்கே இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் தினமும் மாலையில் குழாயில் பெயர் சொல்லி அழைப்பார்கள். முதல் பெயர் தாய்மாமன் பெயர். மாமன் வந்து பெண்ணைக் கைபிடித்து மணைக்கு அழைத்துவந்தால்தான் கல்யாணம்.

அந்த மாமன் பரமசிவம், மேல் லயத்துக்காரர், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் உலை பார்ப்பவர். சுடலைமுத்துவும் அவரும் ஒரு வருடமாகப் பேச்சில்லை. காரணமும் குழாய்தான். முந்தின வருடத் திருவிழாவில் பரமசிவம் சாராயம் சாப்பிட்டுக் கோயிலுக்குப் பின்னால் விழுந்துவிட்டார். மைக்கில் இருந்த சுடலைமுத்து, மற்ற அறிவிப்புகளோடு அறிவிப்பாக, அதே குரலில் இதையும் அறிவித்தார்:

“மேல் லயத்துப் பரமசிவம் என்பவர் கோயிலுக்குப் பின்னால் பெரிய அண்டா பக்கத்தில் விழுந்து கிடக்கிறார். சம்பந்தப்பட்டவர்கள் உடனடியாக வந்து அப்புறப்படுத்தும்படி விழாக் கமிட்டி சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.”

அறிவிப்பு என்றால் மூன்று முறை சொல்வது முறை. மூன்று முறை சொன்னார். இரண்டு மலைக்கும் கேட்டது.

இப்போது கல்யாணத்துக்காக வெற்றிலைத் தட்டோடு மச்சான் வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறார். பரமசிவம் தட்டைத் தொடவில்லை. “அன்னைக்கி என்னைய வெத்தலை வச்சா சொன்ன, மாப்ள? குழாய்லதான சொன்ன. குழாய்லயே கூப்பிடு” என்று அனுப்பிவிட்டார். நியாயமான கோரிக்கைதான். முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை சுடலைமுத்து என் இனிமையான குழாயில் மச்சானை ‘மரியாதைக்குரிய’ என்று ஆரம்பித்து மூன்று முறை அழைத்தார். மறுநாள் காலை எதிர் மலையிலிருந்து பதில் வந்தது: ஏதோ ஒரு ரேடியோக்காரன் தூரத்தில் முனகியதாகவும், அது தன்னை வைத குழாய் இல்லை என்றும், வைத குழாயில் கூப்பிட்டால்தான் வைததற்குச் சரியாகும் என்றும்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த சான்றிதழ் பேச ஆரம்பித்தது. இனிமையான ஒலி தூரம் போகாது. பள்ளத்தாக்கைத் தாண்டக் கொஞ்சம் கரகரப்பு வேண்டும். வெடிப்பை மூடியதில் அந்தக் கரகரப்பு போயிருக்கும். வால்யூமைக் கூட்டினால் தீர்ந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையில் இருந்த நோட்டு கனத்தது. வாயை மூடிக்கொண்டேன். தொழிலில் நான் செய்த புத்திசாலித்தனங்களைப் பட்டியல் போட்டால் வாயை மூடிய இடங்கள்தான் அதிகம் வரும்.

வியாழக்கிழமை காலை பள்ளத்தாக்கில் இறங்கி எதிர் மலை ஏறினேன். பரமசிவம் உலைக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் ஏலக்காயும் புகையும் மணந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மெதுவாகப் பேசும் மனிதர். பழைய குழாயின் சத்தத்தைப் பற்றி அவருடைய அபிப்பிராயத்தை எழுதப் பாலக்காட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். ஒரு வருடமாக அவரிடம் யாரும் எந்த அபிப்பிராயமும் கேட்டதில்லை போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

“எழுதிக்கோங்க தம்பி. ‘மேல் லயத்து’ன்னு வரும்போது ஒண்ணுமில்ல, சும்மா ஆளு பேசுத மாதிரித்தான் இருக்கும். ‘பரமசிவம்’ல வருது பாருங்க ஒரு இழுப்பு, தகரத்துல ஆணியை வச்சு இழுத்தாப்புல. ‘அப்புறப்படுத்தும்படி’ங்கும்போது முதுகுத்தண்டு வரைக்கும் போயிரும். மூணு மட்டமும் ஒரே மாதிரி, ஒரு மயிரிழை மாறல. அது குழாய். நீங்க செஞ்சு குடுத்திருக்கது பந்தியில ரெண்டாவது மட்டம் சோறு கேக்கவன் மாதிரி கூச்சப்படுது.”

என் முப்பது வருடத் தொழிலில் இவ்வளவு துல்லியமான சாட்சியை நான் பார்த்ததில்லை. தாசில்தாரெல்லாம் இவரிடம் பாடம் கேட்கவேண்டும். ஆனாலும் ஒரு சந்தேகம் வந்து, விழுந்து கிடந்தவருக்கு இவ்வளவும் எப்படிக் கேட்டது என்று கேட்டுத் தொலைத்தேன்.

“விழுந்துதான் கெடந்தேன். செத்தா கெடந்தேன்?” என்றார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். அந்த வருடம் முழுக்க மேல் லயத்தில் ஓர் ஆடு படுத்தால்கூட யாராவது ‘சம்பந்தப்பட்டவர்கள் அப்புறப்படுத்தவும்’ என்பார்களாம். தண்ணீர்க் குழாயடியில் குடம் நின்றால் அதற்கும் அதே அறிவிப்பாம். சொன்னவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் உலைக்கு விறகு போடுவார். அதை நான் நோட்டில் எழுதவில்லை. அது சத்தத்தைப் பற்றிய அபிப்பிராயமா இல்லையா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நிபந்தனையைச் சொன்னார். மத்தியானம் பனி விலகினதும் லயத்து ஆட்களோடு பாறைமேல் நிற்பார். பழைய சத்தம் வந்தால் துண்டை வீசுவார். துண்டு வீசினால் தாய்மாமன் வருகிறான் என்று அர்த்தம். வீசாவிட்டால் அவரைப் பொறுத்தவரை கல்யாணம் வேறு யார் வீட்டுக் கல்யாணமோ. “ஒண்ணு, தம்பி. அதே வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்க. அதே வார்த்தைன்னாத்தான அதே சத்தமான்னு தெரியும்” என்றார்.

ஒலிச் சோதனையின் இலக்கணப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. ஒரே வாசகத்தை வைத்துத்தான் இரண்டு கருவிகளை ஒப்பிடவேண்டும் என்று எனக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், சோதனையின் ஒவ்வொரு சுற்றிலும் பெண்ணின் மாமனை இரண்டு மலை கேட்க இன்னொரு முறை அவமானப்படுத்தவேண்டும்.

திரும்பி வந்து சொன்னபோது சுடலைமுத்து கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். “சொன்னா, மறுபடியும் சொல்லிட்டான்னு வரமாட்டேம்பான். சொல்லலைன்னா, சத்தம் வரலைன்னு வரமாட்டேம்பான். நான் என்ன செய்யட்டும்?” என்றார். அந்தக் கேள்விக்கு என் மீட்டரில் அளவு இல்லை. எனக்குத் தெரிந்த வேலையை ஆரம்பித்தேன்.

நான் பழுது பார்த்ததை நானே பழுதாக்க ஆரம்பித்தேன். ஒன்றை உடைப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். முன்பு எப்படி உடைந்திருந்ததோ அப்படி உடைக்கவேண்டும் என்றால், ஒட்டுவதைவிட இருமடங்கு நிதானம் வேண்டும். முதலில் கழுத்து ரப்பரைக் கழற்றினேன். பிறகு ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் பிறகு சுடலைமுத்து மைக்கில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார், நான் தள்ளி நின்று கேட்பேன். இரண்டாவது ரிவெட் வரைக்கும் பந்தியில் கூச்சப்படுகிறவன்தான் பேசினான். மூன்றாவதை எடுத்ததும் ‘ஏழு’ என்ற இடத்தில் தகரத்தில் ஆணி இழுத்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். “ஆங், நம்ம குழாயி” என்றாள் ஒருத்தி. பிறந்த நாள் முதல் கேட்ட குரல் திரும்பி வந்த மாதிரி முகம். நான் வைத்த புது டயாபிரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பனி விலகியது. எதிர்ப் பாறையில் வெள்ளைப் புள்ளியாகப் பரமசிவம் தெரிந்தார், பின்னால் இன்னும் பல புள்ளிகள். சுடலைமுத்து ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினார். கரகரப்பு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. வெள்ளைப் புள்ளி அசையவில்லை. திரும்ப எண்ணினார். அசையவில்லை. அந்த மனிதர் கேட்டது எண் இல்லையே.

அதற்குள் கீழே பள்ளத்தில் அடுத்த பனி கிளம்பிவிட்டது. கால் மணி நேரத்தில் பாறையை மூடிவிடும். மறுநாள் வெளுக்குமா என்று அந்த ஊரில் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. சுடலைமுத்துவின் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டார். அந்த நிலையில் எனக்கு ஓர் அற்புதமான யோசனை வந்தது: வாசகத்தை நான் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரன் சொன்னால் அவமானம் ஆகாது. மைக்கை வாங்கக் கையை நீட்டினேன். சுடலைமுத்து என்னைப் பார்த்த பார்வையில் கையைப் பின்னுக்கு இழுத்தேன். எனக்கு வரும் அற்புதமான யோசனைகளில் பாதியை இப்படி யாராவது பார்வையாலேயே காப்பாற்றியிருக்கிறார்கள்.

அவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தொண்டையைச் செருமினார். எதிர் மலையும் செருமியது.

“மேல் லயத்துப் பரமசிவம் என்பவர்...”

நிறுத்திவிட்டார். ஆணி இழுத்தது, அட்சரம் பிசகாமல். எதிர்ப் பாறையில் புள்ளிகள் ஒன்றோடொன்று நெருங்கின.

“...சென்ற வருடம் கோயிலுக்குப் பின்னால் பெரிய அண்டா பக்கத்தில் விழுந்து கிடந்தபோது, அதே அண்டாவுக்கு மறுபக்கத்தில் கீழ் லயத்துச் சுடலைமுத்து என்பவரும் விழுந்து கிடந்தார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். சுடலைமுத்து எந்திரிச்சிட்டார். பரமசிவம் எந்திரிக்கல. எந்திரிச்சவன் கையில மைக்கு இருந்துச்சு. அதனால மச்சானை மட்டும் அப்புறப்படுத்தச் சொல்லிட்டான். ரெண்டு பேரையும் அப்புறப்படுத்தியிருக்க வேண்டும் என்று விழாக் கமிட்டி சார்பாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.”

அறிவிப்பு என்றால் மூன்று முறை. இரண்டாவது முறை சொல்லும்போது குரல் உடைந்தது. குழாய் அதற்கு முன்பே உடைந்திருந்ததால் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அதான, அன்னைக்கி வேட்டியெல்லாம் சேறா இருந்துச்சே. சாமி தூக்குனேன்னு சொன்னாக” என்றார். மூன்றாவது முறை ‘அப்புறப்படுத்தியிருக்க வேண்டும்’ என்று வந்தபோது எதிர் மலையிலிருந்து ஒரு சத்தம் இறங்கி வந்தது. நாற்பது வீட்டு ஆட்கள் ஒன்றாகச் சிரித்தால் பள்ளத்தாக்கில் அது மழை வருவது மாதிரிக் கேட்கும். பனி பாறையின் கால்வரை ஏறிவிட்டது. அதற்கு மேலே துண்டு ஆடியது.

தம்பிகளே, தங்கைகளே, அந்தத் துண்டு சத்தத்துக்காக ஆடியதா, சொன்னதற்காக ஆடியதா என்று நான் அப்போதே யோசித்தேன். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. உங்களிடம் இப்போது இருப்பவை எத்தனையோ மடங்கு உயர்ந்தவை. அவற்றிலும் இருக்காது என்று நினைக்கிறேன். ஒருவர் தன் பழைய ஸ்பீக்கரைப் பற்றி ஏதாவது சொன்னால், அதன் வழியாக அவர் எதைக் கேட்டார் என்பதும் அதற்குள் இருக்கும். பிடிக்கிறதோ இல்லையோ, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாக எழுதினால், எழுதியதைத் திருத்த நீங்களே மலை ஏறவேண்டியிருக்கும். அந்த வளைவுகளில் உங்கள் வயிறு என் வயிற்றைவிட உறுதியாக இருக்கும் என்று நம்புவதற்கு எனக்கு ஆதாரம் இல்லை.

ஒரு மணி நேரத்தில் பரமசிவம் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்துவிட்டார், பாதி லயம் பின்னால். யாரையும் பார்க்காமல் நேராகக் குழாயிடம் போனார். வெடிப்பில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். யூனிட்டைப் பிடித்து ஆட்டினார், ஆடியது, திருப்தியாகத் தலையை அசைத்தார். நான் நோட்டைத் திறந்து, காலையில் அவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டிப் பேனாவை நீட்டினேன்.

பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை.

“சத்தமெல்லாம் சரிதான் தம்பி. அதே குழாய்தான், மாத்தமில்ல. ஆனா சொன்னதுல ஒரு தப்பு இருக்கு. இவன் எங்க எந்திரிச்சான்? நான்தான் எந்திரிச்சு, இவனைத் தூக்கிட்டுப் போயி மைக்குக்கிட்ட உக்கார வச்சேன். திரும்பப் போற வழியில விழுந்தேன். அதையும் சொல்லிட்டா கையெழுத்துப் போட்டுருதேன்.”

எல்லாரும் சுடலைமுத்துவைப் பார்த்தார்கள். அவர் கோயிலுக்குப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிறவர் போல இருந்தது. பிறகு மைக்கை எடுத்து, “கீழ் லயத்துச் சுடலைமுத்து என்பவரை மேல் லயத்துப் பரமசிவம் அவர்கள்தான் தூக்கி...” என்று ஆரம்பித்தார்.

பரமசிவம் அவர் தோளில் கையைப் போட்டார்.

“அந்தத் ‘தூக்கி’யைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லு, மாப்ள.”